ரேஞ்சருக்கு எதற்குத் தலைமைப் பயிற்சி?

"லீடர்ஷிப் டிரெயினிங்குக்குப் பேர் கொடுங்க" என்று வன அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்தால் பலர் மனதில் எழுவது ஒரே காட்சிதான். ஏசி அரங்கு, காலரில் மைக் மாட்டிய பேச்சாளர், பலூன் ஊதும் விளையாட்டு, மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழைப் பிடித்தபடி குழுப் படம். "அதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கணும் சார், சொல்லிக்கொடுத்து வராது" என்பார் ஒருவர். "காட்டுல இருக்கிறவனுக்குப் புலித் தடம் பார்க்கத் தெரிஞ்சா போதாதா?" என்பார் இன்னொருவர்.

மூன்று எண்ணங்களும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. சரணாலயத்தையோ புலிகள் காப்பகத்தையோ நடத்தும் அதிகாரியின் நாள் எதில் கழிகிறது என்பது வெளியே தெரிவதில்லை. ஆகவே பயிற்சியைப் பேசுமுன் வேலையைப் பார்த்துவிடலாம். அதற்கும் முன் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வரலாம்.

## கல்யாண வீட்டு மாமா

எல்லாப் பெரிய குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். பெண்ணின் அப்பா அவரல்ல, செலவும் அவருடையதல்ல. சமையல்காரர், பந்தல்காரர், நாதஸ்வரக் கோஷ்டி, வேன் டிரைவர் யாருக்கும் அவர் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனாலும் காபி எங்கே என்பதிலிருந்து தாலிக்கொடி யாரிடம் இருக்கிறது என்பதுவரை எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள்.

அவர் செய்வது இரண்டு வேலை. 500 இலை, மூன்று பந்தி, விடியற்காலை நாலு மணிக்குப் பால், இரண்டு உபரி கேஸ் சிலிண்டர். இது நிர்வாகம், காகிதத்தில் எழுதி வைக்கலாம், டிக் அடிக்கலாம். முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் மழை கொட்டுகிறது, பந்தலின் ஒரு மூலை சரிகிறது, அதே நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா "என்னை முறையாகக் கூப்பிடவில்லை" என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். இதற்குக் காகிதம் கிடையாது. தன் அதிகாரத்துக்குள் இல்லாத மனிதர்களை, அவர்கள் மனமொப்பி, ஒரே திசையில் நகர்த்தியாக வேண்டும். அதுதான் தலைமை.

நிர்வாகம் தெரியாமல் பேச்சில் மட்டும் வல்லவராக இருக்கும் மாமாவின் கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்குச் சாம்பார் இருக்காது. இதைச் சொல்வதற்குக் காரணம், தலைமையை உயர்த்திப் பேசுகிறவர்கள் பலர் நிர்வாகத்தைக் கீழான வேலையாகப் பார்க்கிறார்கள். காட்டில் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

## காப்பகத்தில் யாருடைய அதிகாரம் எதுவரை

பாதுகாக்கப்பட்ட பகுதி என்பது ஒரு சட்டச் சொல். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்கா, சரணாலயம், இவற்றோடு பின்னால் சேர்க்கப்பட்ட இரண்டு வகைக் காப்பகங்கள் எல்லாம் அதில் அடங்கும். புலிகள் காப்பகம் என்பது இதன்மேல் வரும் இன்னொரு அடுக்கு. அதற்கு ஓர் உள்வட்டம் உண்டு. அங்கே வன உயிரினங்களுக்கே முதலிடம். அதைச் சுற்றி ஒரு வெளிவட்டம். அங்கே மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். முதுமலையில் உள்வட்டம் 321 சதுர கிலோமீட்டர், வெளிவட்டம் ஏறத்தாழ 367. பரப்பில் பாதிக்கும் மேல் வெளிவட்டம் என்பதைக் கவனியுங்கள்.

பணியாளர் வரிசை கீழிருந்து இப்படிப் போகும்: வேட்டைத் தடுப்புக் காவலர் (எல்லோரும் வாட்சர் என்பார்கள்), வனக் காப்பாளர், வனவர், வனச்சரகர் என்ற ரேஞ்சர், உதவி வனப் பாதுகாவலர், துணை இயக்குநர், கள இயக்குநர். உள்வட்டத்தில் இந்த வரிசை நேராக வேலை செய்யும். மேலிருந்து உத்தரவு, கீழே செயல். வெளிவட்டத்தில் அந்த உத்தரவைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் சிலர்தான்.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே ஏறும் திம்பம் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளலாம். 27 கொண்டை ஊசி வளைவுகள். கர்நாடகத்தை இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. இரவில் லாரிகளில் அடிபட்டு விலங்குகள் சாகின்றன. கரும்பு லாரியை மறித்துத் தின்னப் பழகிய யானைகளும் அந்தச் சாலையில் உண்டு. தீர்வு சுலபமாகத் தோன்றும்: இரவில் வண்டிகளை நிறுத்து.

யார் நிறுத்துவது? சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. தடை ஆணை பிறப்பிக்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். அமல்படுத்தக் காவல்துறையும் வேண்டும். மேலே தாளவாடியில் காய்கறி பயிரிடும் விவசாயி, விடிவதற்குள் சந்தையில் இறக்காவிட்டால் விலை கிடைக்காது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். இரவில் பிரசவ வலி வந்தால் ஆம்புலன்ஸ் எப்படி இறங்கும் என்று கேட்கிறார் இன்னொருவர். ஆட்சியரின் ஆணை 2019-ல் வந்தது. அதை நடைமுறைப்படுத்த 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதன்பின் மலைமேல் போராட்டம், பேச்சுவார்த்தை, உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு என்று ஏற்பாடு மாறியது. இத்தனையிலும் வன அதிகாரியின் நேரடி அதிகாரத்தில் இருந்தது சோதனைச் சாவடியின் தடுப்புக் கம்பமும், விலங்குகள் செத்த கணக்கும்தான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: காப்பக அதிகாரியின் பொறுப்பு பெரியது, அதிகாரம் சிறியது. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் தலைமைப் பயிற்சியின் பாடம்.

## எந்தச் சிக்கல் எந்த வகை

பயிற்சியில் முதலில் பழக்குவது ஒரு பிரித்தறிதல். சில சிக்கல்கள் நுட்பச் சிக்கல்கள்: விடை ஏற்கெனவே தெரியும், ஆளும் பணமும் போதும். கோடையில் குட்டை வற்றினால் சூரிய சக்தி மோட்டாரோ டேங்கர் லாரியோ வைத்து நிரப்பலாம். மற்றவை பழக்கச் சிக்கல்கள்: யாரோ தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டால்தான் தீரும். அந்த "யாரோ"வில் அதிகாரியும் அடக்கம்.

வால்பாறை இதற்கு நல்ல பாடம். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் தேயிலைப் பீடபூமி, சுற்றிலும் காடு, நடுவே யானைகளின் போக்குவரத்து. பல காலமாக அதை நுட்பச் சிக்கலாகவே பார்த்தார்கள்: பட்டாசு வெடி, விரட்டு. ஆனால் உயிரிழப்புகளை ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு. அங்கே யானை நிற்பதே தெரியாமல் இருட்டில் எதிரில் போய் மாட்டிக்கொண்டவர்கள் பலர். அப்படியானால் தேவை தகவல். இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தின் ஆய்வாளர்களும் வனத்துறையும் சேர்ந்து குறுஞ்செய்தி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரி, கைபேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகள் என்று ஓர் எச்சரிக்கை முறையை உருவாக்கினார்கள். விளக்கின் விலை பெரிதல்ல. அதைப் போட வேண்டியவர் அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்பதுதான் விஷயம். தோட்ட நிர்வாகம், தொழிலாளர்கள், பேருந்துக்காரர்கள் எல்லோரும் சிவப்பு விளக்கைக் கண்டால் நின்று யோசிக்கப் பழக வேண்டியிருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்தை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகத்தில் நடந்தது இன்னும் துணிச்சலானது. வயணப்பட்டையை, அதாவது காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து வழக்குப் போடுவதோடு நில்லாமல், 1990-களின் பிற்பாதியில் அவர்களையே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு சுற்றுலா வழிகாட்டலுக்கும் ரோந்துக்கும் திரும்பியது. இங்கே வழக்கத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் வனத்துறையினர்தான்: நேற்றுவரை துரத்திய ஆளோடு இன்று ஒரே ரோந்தில் நடக்க வேண்டும்.

நுட்பச் சிக்கலுக்குக் கூட்டம் போட்டுக் காலம் கடத்துவதும், பழக்கச் சிக்கலுக்குக் கருவி வாங்கிக் குவிப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டாவதுதான் நம் ஊரில் அதிகம். டெண்டர் விடுவது பேசுவதைவிடச் சுலபம்.

## யாருக்கு எவ்வளவு

பயிற்சி உலகில் தகுதித்திறன் என்றொரு சொல் புழங்குகிறது. ஒரு வேலையைச் செய்வதற்கான அறிவு, கைப்பழக்கம், மனப்போக்கு மூன்றும் சேர்ந்தது அது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ல் பாதுகாக்கப்பட்ட பகுதிப் பணியாளர்களுக்கான தகுதித்திறன் பதிவேடு ஒன்றை வெளியிட்டது. அது பணியாளர்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: களப் பணியாளர், இடைநிலை மேலாளர், மூத்த மேலாளர், கொள்கை வகுக்கும் உயர் அதிகாரி. நம் வரிசையில் முறையே வாட்சரும் காப்பாளரும், ரேஞ்சர், கள இயக்குநர், தலைமை வன உயிரினக் காப்பாளர் என்று பொருத்திக்கொள்ளலாம்.

தலைமை மேல் இரண்டு நிலைகளுக்கு மட்டும் உரியதென்று நினைப்பது தவறு. நான்கு பேர் ரோந்து போகும்போது எதிரில் யானைக் கூட்டம் வந்தால், திரும்பலாமா காத்திருக்கலாமா என்று முடிவெடுப்பவர் அங்கே இருக்கும் மூத்த வாட்சர். கள இயக்குநருக்கு வேண்டியது வேறு: ஆட்சியர், தோட்ட அதிபர், கிராம சபை, பத்திரிகையாளர் என நாலு மொழி பேசும் நாலு கூட்டத்தை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் திறன். இரண்டு பேரையும் உட்கார்த்தி ஒரே ஸ்லைடைக் காட்டினால் இருவருக்கும் பயனில்லை.

நம் நாட்டில் இதற்கான அடித்தளம் பழையது. டேராடூனில் 1982-ல் தொடங்கிய இந்திய வன உயிரின நிறுவனம், பணியிலிருக்கும் அதிகாரிகளுக்கு நீண்ட பட்டயப் படிப்பும் மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்திவருகிறது. கோவையிலும் வைகை அணையிலும் பயிற்சி நிலையங்கள் உண்டு. வாழிடம், கணக்கெடுப்பு, சட்டம், ஆயுதம் எல்லாம் அங்கே ஆழமாகவே சொல்லித்தரப்படுகின்றன. மனிதர்களோடு வேலை செய்யும் பகுதி மட்டும் பெரும்பாலும் சொற்பொழிவோடு முடிந்துவிடுவதுண்டு. அதைத்தான் வேறு விதமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

## சைக்கிளும் சொற்பொழிவும்

சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று ஒரு மணிநேரம் பேசலாம். கேட்டவர் ஏறியதும் விழுவார். ஏறி, விழுந்து, ஏன் விழுந்தோம் என்று பார்த்து, ஹேண்டிலை வேறு மாதிரி திருப்பி மறுபடி ஏறினால்தான் வரும். தலைமைப் பயிற்சியின் இயக்கமும் இதேதான்: செய், திரும்பிப் பார், நடந்ததற்கு ஒரு பெயர் வை, மறுபடி செய். விழுந்தால் அடிபடாத இடத்தில் விழ வைப்பதே பயிற்சியாளரின் வேலை.

நன்றாக நடக்கும் பயிற்சிக்கு மூன்று கட்டம் இருக்கும். முதல் கட்டம் வகுப்புக்கு நாலு வாரம் முன்பே தொடங்கும். ஒவ்வொருவரும் தன் சரகத்தில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்யும் ஐந்து பேரிடமிருந்து பெயர் போடாத தாளில் மூன்று கேள்விக்குப் பதில் வாங்க வேண்டும்: நான் எதைத் தொடர்ந்து செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும். தாள்களைப் பயிற்சியாளர்தான் பிரிப்பார். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தட்டச்சு செய்து தருவார். இரண்டாம் கட்டம் ஐந்து நாள் தங்கிப் பயிலும் வகுப்பு. 20 முதல் 24 பேர், ஆறு பேராகக் குழுக்கள். மூன்றாவது, அடுத்த ஆறு மாதம். மாதம் ஒருமுறை போனில் ஒரு மணிநேரம், கொண்டுவந்த சிக்கல் எங்கே நிற்கிறது என்று. பணம் குறைந்தால் எல்லோரும் வெட்டுவது இந்த மூன்றாவதைத்தான். வெட்டக்கூடாததும் அதுதான்.

## மேசைமேல் ஒரு காட்டுத் தீ

ஐந்து நாளில் ஒரு பிற்பகலை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். மேசையில் கற்பனைச் சரகம் ஒன்றின் வரைபடம் விரித்திருக்கிறது. பயிற்சி பெறுவோர் ஆறு பேர். ஆள்பலம் எழுதித் தரப்படுகிறது: ஒரு ரேஞ்சர், இரண்டு வனவர், நான்கு காப்பாளர், 14 வாட்சர், அவர்களில் மூவர் விடுப்பு. ஒரு ஜீப், இலை ஊதும் கருவி இரண்டு, தீயடிப்பான் பத்து, வாக்கி-டாக்கி ஆறு. அதில் ஒன்றுக்கு பேட்டரி நிற்காது.

மார்ச் மாதம், பகல் 1.40. கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து புகை என்று தகவல். கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு சீட்டு மேசைக்கு வரும். 1.50: காற்று சரிவின் மேல்நோக்கித் திரும்பிவிட்டது. 2.00: மேலதிகாரியின் போன், "எத்தனை ஹெக்டேர்? உடனே சொல்லுங்க." 2.10: பழங்குடிக் குடியிருப்பு எரிகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. 2.20: ஒரு வாட்சர் வாக்கி-டாக்கியில் பதில் தரவில்லை. 2.30: அனுமதி பெற்று மலையேறிய எட்டுப் பேர் இன்னும் இறங்கவில்லை என்று சாவடியிலிருந்து செய்தி.

பயிற்சியாளர் ஓரமாக நின்று நான்கு விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்வார். நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆளை நிறுத்தினார்களா? எல்லோருக்கும் தொடர்பு இருக்கிறதா? தப்பும் வழியை முன்பே சொன்னார்களா? அந்த வழி முடியும் இடம் பாதுகாப்பானதா, அதாவது ஏற்கெனவே எரிந்த தரையோ வெட்டவெளியோதானா? சரிவில் மேல்நோக்கி ஓடும் தீ ஆளைவிட வேகமானது. சுவாலை சாய்ந்து மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடும். ஆகவே தீக்கு மேலே சரிவில் ஆளை நிறுத்திய குழுவின் ஆட்டம் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீக்குப் பலியானார்கள். எட்டுப் பேர் இறங்கவில்லை என்ற சீட்டு மேசைக்கு வரும்போது அறை அமைதியாகிவிடுவது அதனால்தான்.

பெரும்பாலான குழுக்கள் தவறுவது எங்கே? குழுவின் மூத்தவர், பழக்கதோஷத்தால், தானே தீயணைக்கக் கிளம்பிவிடுவார். அதன்பின் வரைபடத்தைப் பார்க்கவோ போனை எடுக்கவோ ஆள் இருக்காது. இன்னொரு தவறு, மற்ற 17 பேரும் நேரே ரேஞ்சரிடமே உத்தரவு கேட்பார்கள். ஒருவர் நேரடியாக வழிநடத்தக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாட்டு வீச்சு என்று பெயர். நெருக்கடி நேரத்தில் அது மூன்று முதல் ஏழு. ஐந்து சரியான அளவு. 1970-ல் கலிஃபோர்னியாவை எரித்த பெருந்தீக்களுக்குப் பிறகு உருவான கட்டளை முறையிலிருந்து வந்த கணக்கு இது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-ல் இதே அடிப்படையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆக 17 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று பேர் மட்டும் ரேஞ்சரிடம் பேச வேண்டும். மேலதிகாரியின் போனை எடுப்பதற்கென்றே ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். சொன்னால் அற்பமாகத் தெரியும். முதல் சுற்றில் இதைச் செய்யும் குழு அபூர்வம்.

ஆட்டம் முடிந்ததும் செயலுக்குப்பின் அலசல். அமெரிக்க ராணுவம் 1970-களில் உருவாக்கிய முறை; நான்கே கேள்வி. என்ன நடக்கும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? வித்தியாசம் ஏன்? அடுத்த முறை எதை மாற்றுவோம்? இதில் இரண்டு விதிகள் உண்டு. பேச்சு கீழ்ப்பதவியிலிருந்து தொடங்க வேண்டும். ரேஞ்சர் வாய் திறந்துவிட்டால் பிறகு எல்லோரும் "ஆமா சார்" மட்டுமே சொல்வார்கள். "யார் தவறு" என்ற கேள்வி கிடையாது. 20 நிமிடம் அலசிவிட்டு, வேறு சீட்டுகளோடு அதே ஆட்டத்தை மறுபடி ஆடுவார்கள். இரண்டாம் சுற்றில் மாறுவதுதான் கற்றது.

சுருக்கமாக: சிறிய, அடிபடாத தோல்வி, உடனடி அலசல், மறுமுயற்சி. தீயின் இடத்தில் பயிர் இழப்பீட்டுக் கூட்டத்தை வைத்தாலும் சூத்திரம் இதுதான். அங்கே அதிகாரி விவசாயியாக நடிக்க வேண்டும். வாழைத்தோப்பை யானை மிதித்த ஆளாக, பத்து நிமிடம் கத்த வேண்டும். எதிரே இருப்பவர் அந்தப் பத்து நிமிடமும் விதியைக் காட்டாமல், குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பலரால் இரண்டு நிமிடம் தாண்ட முடிவதில்லை.

## அரிசி போய்ச் சேர்ந்ததா

தலைமை என்றதும் தொலைநோக்கு, ஊக்கம் என்று பெரிய சொற்களில் போய்விடுகிறோம். காட்டுக்குள் வேட்டைத் தடுப்பு முகாமில் 15 நாள் தங்கும் வாட்சருக்குத் தலைமை என்பது அரிசியும் பருப்பும் சொன்ன தேதிக்கு வருவது, மழைக்காலத்துக்கு முன் ஷூ கிடைப்பது, சோலார் விளக்கு பழுதானால் ஒரு வாரத்துக்குள் ஆள் வருவது, மாதக் கூலி மூன்று மாதம் தள்ளிப் போகாமல் இருப்பது. இவற்றைச் சரிசெய்யாத அதிகாரி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அவருக்காக யாரும் இரவு ரோந்தில் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் நடக்கமாட்டார்கள். ஆகவே நல்ல பயிற்சியில் ஒரு நாள் முழுக்க முகாமில் கழியும். அதிகாரிகள் வாட்சரோடு நடந்து, அவர் சமைப்பதைச் சாப்பிட்டு, இரவு அங்கேயே படுக்க வேண்டும். எலியும் குளிரும் அட்டையும் சொல்லித்தருவதைக் கோப்பு சொல்லித்தராது.

## சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல், தனி ஆளை அனுப்புவது. பயிற்சி முடித்து உற்சாகமாகத் திரும்பும் ரேஞ்சர், தான் மட்டும் கற்றதை மற்றவர்களுக்குப் புரியவைக்க முயன்று இரண்டே வாரத்தில் பழைய தடத்துக்கு வந்துவிடுவார். அல்லது அதற்குள் இடமாற்றம் வந்துவிடும். ஒரே சரகத்திலிருந்து ரேஞ்சர், வனவர், காப்பாளர், வாட்சர் நால்வரையும் சேர்த்து அனுப்பினால் ஒருவர் மாறினாலும் மூவர் மிஞ்சுவார்கள்.

அப்படி அனுப்பும்போது வருவது அடுத்த சறுக்கல். மேலதிகாரி இருக்கும் அறையில் வாட்சர் நாற்காலி நுனியில் உட்காருவார், பேசமாட்டார். சீருடையைக் கழற்றி வைக்கச் சொன்னால் மட்டும் இது தீராது. முதல் இரண்டு நாள் நிலைவாரியாகத் தனித்தனிக் குழு, மூன்றாம் நாளிலிருந்து கலந்த குழு, கருத்துகளைச் சீட்டில் எழுதி ஒட்டுவது, வாட்சருக்கு மட்டுமே விடை தெரிந்த ஒரு களப்பணியைக் கொடுப்பது என்று படிப்படியாகச் செய்ய வேண்டும். மணலில் கிடக்கும் சாணத்தையும் தடத்தையும் காட்டி "எத்தனை மணிக்குப் போயிருக்கும்?" என்று கேட்டால் அறையின் வரிசை தானாகத் தலைகீழாகிவிடும்.

மொழி இன்னொன்று. ஆங்கில ஸ்லைடைத் தமிழில் வாசித்துக் காட்டுவது தமிழில் பயிற்சி நடத்துவதாகாது.

மார்ச் மாதத்தில் பயிற்சி வைப்பது, அதாவது நிதியாண்டு முடிவதற்குள் நிதியைச் செலவழிக்க அவசரமாகத் தேதி குறிப்பது, பற்றிச் சொல்லவே வேண்டாம். காடு காய்ந்து கிடக்கும்போது யாருடைய மனமும் வகுப்பில் இருக்காது.

## பலன் தெரிவது எப்படி

கடைசி நாள் வாங்கும் கருத்துப் படிவம் சாப்பாடு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். உண்மையில் பார்க்க வேண்டியவை ஆறு மாதம் கழித்துத் தெரியும். அந்த ஐந்து பேரிடம் அதே மூன்று கேள்வியை மறுபடி கேட்டால் பதில் மாறியிருக்கிறதா? கொண்டுவந்த சிக்கல் நகர்ந்ததா?

காப்பகம் முழுமைக்கும் ஓர் அளவுகோல் உண்டு: மேலாண்மைச் செயல்திறன் மதிப்பீடு. இந்தியாவின் புலிகள் காப்பகங்களை நாலு ஆண்டுக்கு ஒருமுறை வெளி வல்லுநர் குழு வந்து மதிப்பிடும் முறை இது. சூழ்நிலை, திட்டமிடல், உள்ளீடு, செயல்முறை, வெளியீடு, விளைவு என்று ஆறு படிகளில் பார்க்கும். 2022-ம் ஆண்டுச் சுற்றில் முதலிடம் பிடித்தது, பட்டை உரித்தவர்களைக் கூட்டாளிகளாக்கிய அதே பெரியாறு. இதற்குக் காரணம் பயிற்சி ஒன்றுதான் என்று யாரும் சொல்ல முடியாது. புலி எண்ணிக்கை கூடியதற்கு மழையும் காரணமாக இருக்கலாம், பக்கத்துக் காடும் காரணமாக இருக்கலாம். பயிற்சியின் கைக்கு எட்டுவது நடுப் படிகள்: திட்டமிடல், செயல்முறை.

அளவுகோலே வழிகெடுக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம். ரோந்தைப் பதிவு செய்யும் எம்-ஸ்டிரைப்ஸ் செயலி இன்று புலிகள் காப்பகங்களில் வாட்சரின் கைபேசியில் இருக்கிறது. நடந்த பாதை, கண்ட தடம், வெட்டிய மரம், வைத்த சுருக்குக் கம்பி எல்லாம் அதில் ஏறும். மாதக் கூட்டத்தில் ரேஞ்சர் "எத்தனை கிலோமீட்டர்?" என்று மட்டும் கேட்டால், ஆட்கள் சமதளத்து ஜீப் பாதையிலேயே நடந்து கிலோமீட்டரைக் காட்டிவிடுவார்கள். சுருக்குக் கம்பி இருக்கும் புதர்ச்சரிவில் கால்வைக்க மாட்டார்கள். "போன மாதம் யாரும் போகாத இடம் எது, ஏன் போகவில்லை?" என்று கேட்கும் ரேஞ்சருக்குக் கிடைப்பது வேறு வரைபடம். செயலி ஒன்றுதான், கேள்விதான் மாறியது.

## வகுப்புக்கு இடம் கிடைக்காதவர்களுக்கு

பயிற்சி இடங்கள் குறைவு. ஒரு காப்பகத்திலிருந்து ஆண்டுக்கு ஓரிருவருக்குத்தான் வாய்க்கும். மற்றவர்கள் தொடங்கச் செலவில்லாத வழி, அந்த நான்கு கேள்வி அலசல். ரோந்து முடிந்து முகாமில் டீ கொதிக்கும் நேரம் போதும், பத்து நிமிடம். வந்து சேர்ந்ததில் புதிதான வாட்சர் முதலில் பேசட்டும். யாராவது ஒருவர் 40 பக்க நோட்டில் எழுதட்டும். ஒவ்வொரு அலசலுக்கும் ஒரே ஒரு மாற்றம்தான் குறிக்க வேண்டும். ஐந்து எழுதினால் ஐந்தும் நடக்காது. எழுதும் வரியில் மூன்று சொல் கட்டாயம்: யார், எதை, எந்தத் தேதிக்குள். "மூணாம் நம்பர் வாக்கி-டாக்கிக்கு பேட்டரி, வனவர், வெள்ளிக்கிழமைக்குள்" என்பது போல. அடுத்த அலசலை அந்த வரியை வாசித்துத் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பேட்டரி வராவிட்டால், அன்றைய அலசலில் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் வனவர். அவருக்கு அடுத்தது ரேஞ்சர்.